புதைக்க ஒரு வாளி, எழுப்ப ஒரு வாளி

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர். டுவேன் தன் அக்கா மார்லிஸுக்குத் தர வேண்டியது அவ்வளவு. பத்திரமில்லை, வட்டியில்லை, கடனாகக் கேட்டு வாங்கியதும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சேற்று மேடையின் தொப்பியைக் காசோடு அப்படியே தூக்கிக்கொண்டு தன் லாரியில் ஏறிப் போய்விட்டான்.

பழைய ராஜா ராணி காலத்து வேஷம் கட்டி, மினசோட்டாவின் ஓக் காட்டுக்குள் வாராவாரம் நடக்கிற அந்தச் சந்தையில் சேற்று மேடைக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேர் பிச்சைக்கார வேஷத்தில் சேற்றில் புரள்வார்கள். ஜனம் சிரிக்கும். ஆட்டம் முடிந்ததும் தொப்பி நீளும். அதில் விழுவதுதான் குளிர்காலத்துச் சாப்பாடு, எரிவாயு, லாரிக்கு டயர் எல்லாம். கல்லாப்பெட்டியில் கை வைத்தவனுக்குப் போலீசைக் கூப்பிடுவார்கள். தொப்பியில் கை வைத்தவனுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. அவனையும் யாரும் கூப்பிடுவதில்லை. எந்த ஊர்ச் சந்தையிலும் அவன் ஒரு மேடைப் பலகைமேல் கால் வைக்க முடியாது.

அதற்கு விமோசனம் ஒன்றே ஒன்று. தொப்பியில் போனது தொப்பியில்தான் திரும்ப வேண்டும். அதே மேடை, அதே ஜனம், ஆடிச் சம்பாதித்து அடைக்க வேண்டும். கையில் கொடுக்கிற நோட்டு செல்லாது.

அது தெரிந்தும்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டக்காரர்கள் தங்கும் முகாம் வாசலில் ஒரு காசோலையோடு வந்து நின்றான் டுவேன். மார்லிஸ் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்டாள். அவன் வானத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்றான். போன வாரம் கதையை அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

ஞாயிறு காலையில் மார்லிஸின் மகள் பிரிட்டா அம்மாவின் வண்டிக் கதவைத் தட்டினாள். இப்போது மேடையை நிர்வகிப்பவள் அவள்தான். அவள் புருஷன் கெல்லனும் அவன் கூட்டாளியும் சேற்றில் ஆடுகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் காதில் சீழ் வைத்துவிட்டது. ஒரே சேறு, ஒரே சீழ். இருவரும் விடியுமுன்பே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று.

"நான் பழையபடி சேத்துல இறங்கிடறேம்மா" என்றாள் பிரிட்டா. "கூட ஒரு ஆளு வேணும். கட்டையடிக்க ஒரு ஆளு வேணும்."

அந்த ஆள் டுவேன்தான் என்பது மார்லிஸுக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது.

அந்த யோசனைக்கு மார்லிஸ் சொன்ன பதிலை முழுதாக எழுத இந்தப் பத்திரிகையில் இடம் தரமாட்டார்கள். தொப்பி போன அந்தக் குளிர்காலத்தில் எரிவாயு வாங்கக் காசில்லாமல் அவள் வான்கோழி உரிக்கும் ஆலையில் போய் நின்றாள். ஈரத் தரையில் நின்று நின்று முட்டி போனது. முட்டி போனதால் மேடையும் போனது. இன்றைக்கும் சந்தையில் வான்கோழிக் கால் சுடுகிற கடைப்பக்கம் அவள் மூக்கை மூடாமல் நடக்க மாட்டாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். பிரிட்டா கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மார்லிஸ் சரி என்றதற்குக் காரணம் பாசமில்லை. அவளுக்குத் தெரிந்துகொண்டாக வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அடுப்பில் மூடியிருக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் தாண்டிப் போகாதவள் அவள். தம்பி அந்தப் பணத்தை என்ன செய்தான்? குடிக்கிறவன் இல்லை. சீட்டு ஆடுகிறவன் இல்லை. லாரிகூட அதே பழைய லாரி. ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் எங்கேயாவது ஒரு இடத்தில் வாய் தவறாமலா போகும்?

பிரிட்டா கொடுத்த கோணிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு மேடைக்குப் போனாள். சந்தைக்குள் வேலை செய்கிற யாரும் கடிகாரம் கட்டக் கூடாது.

டுவேன் அவளுக்கு முன்னாலேயே அங்கே இருந்தான். பழைய சேறு முழுவதையும் வாரி வெளியே கொட்டி, சேற்றுக் குழியின் பலகைகளைச் சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவி, புதுக் களிமண்ணைச் சலித்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எப்போது ஆரம்பித்தான் என்று தெரியவில்லை. சலித்த குவியல் அவன் இடுப்பளவு இருந்தது.

மார்லிஸ் குனிந்து ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். கல் இல்லை.

"இன்னும் அதே சல்லடைதானாக்கா?" என்றான் அவன்.

"சல்லடை இங்கயேதான் இருந்துச்சு. அது எங்கயும் ஓடிப்போகல."

அவன் சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பதினாலு பருவம் மார்லிஸ் செய்த வேலை இது. மேடை நிர்வாகி என்று அனுமதிச் சீட்டில் போட்டிருக்கும். பார்க்கிறவர்கள் ஏதோ திரைச்சீலை இழுக்கிற உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். சேற்று மேடையில் திரைச்சீலை ஏது? விடிந்ததும் மண் சலிக்க வேண்டும். அதிலிருந்து வராத சாமான் இல்லை. சோடா மூடி, ஒற்றைக் காதணி, ஒரு தடவை யாருடையதோ கட்டிய பல். முதல் வருஷம் குதிரைக் கொட்டகைப் பக்கமிருந்து மண் வாரிக் கொடுத்தார்கள், இலவசமாகக் கிடைத்ததே என்று கொட்டிவிட்டாள். லாட ஆணி டுவேனின் தொடையில் ஏறியது. அவன் அலறியதை ஜனம் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு களிமண் விலைக்குத்தான்.

மண் சலித்தபின் பீப்பாயில் தண்ணீர் காய வைக்க வேண்டும். இலையுதிர் காலத்துச் சேறு எலும்பைக் கடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வெந்நீர் ஊற்றிக் குழைத்தால்தான் மனுஷன் படுக்க முடியும். பிறகு பெஞ்சுகளைத் துடைக்க வேண்டும். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்காருகிறவர்களைக் கெஞ்சிப் பின்னால் அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் கல்யாண உடுப்போடு வந்த பெண் ஒருத்தி யார் தடுத்தும் கேளாமல் குழிக்குள் குதித்துவிட்டாள். அவளைத் தூக்கிக் கரைசேர்த்து, மாப்பிள்ளையின் அம்மாவைச் சமாதானம் செய்து, அடுத்த ஆட்டத்தை நேரத்துக்கு ஆரம்பித்ததும் மேடை நிர்வாகிதான்.

ஆனால் முக்கியமான வேலை கட்டையடிப்பது. சேற்றில் கிடக்கிறவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அதனால் குழியின் ஓரத்தில் ஒரு ஓக் கட்டையை ஆழமாக இறக்கியிருப்பார்கள். நிர்வாகி கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அதன் தலையில் அடித்தால் அதிர்வு சேற்றுக்குள் பரவி வயிற்றில் வந்து இடிக்கும். ஒரு அடி என்றால் வேகமாக முடி. இரண்டு அடி என்றால் எழுந்திரு.

மார்லிஸ் கொட்டாப்புளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிடியில் யாரோ துணி சுற்றியிருந்தார்கள். அவிழ்த்துப் போட்டாள். மேடையைத் தாண்டிச் சேற்றுக்குள் அந்த அடி எப்படிப் போகும் என்பது தோளுக்கு மறக்கவில்லை.

முதல் ஆட்டம் நன்றாகவே போனது. பிரிட்டா நாலு வருஷமாகச் சேற்றில் இறங்காதவள் என்று யாரும் சொல்ல முடியாது. டுவேனுக்கு வயிறு கொஞ்சம் தள்ளியிருந்தது. அதையும் அவன் வேஷத்தில் சேர்த்துக்கொண்டான், பஞ்சத்தில் ஊதிப்போன பிச்சைக்காரன் என்று. ஆனால் பெஞ்சுகளுக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் நின்றது. கத்தி விழுங்குகிறவர், பொம்மலாட்டக்காரி, பக்கத்து மேடையில் தோல்பைக் குழல் ஊதுகிற கிழவர் எல்ராய். முகாமில் தொப்பி விஷயங்களில் கடைசி வார்த்தை எல்ராயுடையது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து தொப்பி நீண்டது. விழுந்ததை எல்ராய் கண்ணெதிரே எண்ணினார்கள். பிரிட்டாவும் தன் பங்கைத் தாய்மாமன் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லிவிட்டாள். இரண்டாம் ஆட்டமும் சேர்ந்து கடனில் பாதிக்குப் பக்கம் வந்தது. மிச்சம் மூன்றாம் ஆட்டத்தில் வந்தாக வேண்டும். அதோடு பருவம் முடிகிறது. இன்றைக்கு அடையாவிட்டால் அடுத்த வருஷம்வரை, அல்லது எப்போதும், அவன் தொப்பித் திருடன்தான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழையில்லை. விடாத நசநசப்பு. பீப்பாய்க்கு அடியில் விறகு நனைந்து புகைந்து அணைந்தது. மீதியிருந்த வெந்நீர் இரண்டாம் ஆட்டத்தோடு தீர்ந்துவிட்டது.

மூவரும் மேடைக்குப் பின்னாலிருந்த தார்ப்பாய்க்குள் ஒதுங்கி, காட்டரிசிக் கஞ்சியை மரக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்கள். டுவேனின் உதடு நீலமாக இருந்தது. மார்லிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். பெண் பிள்ளை சமாச்சாரமா என்று கேட்டாள். அவன் இந்த மூஞ்சிக்கா என்றான். யாராவது மிரட்டினார்களா என்றாள். அவன் நீ ஒருத்திதான் என்னை மிரட்டுகிறாய் என்றான்.  கஞ்சியில் உப்புக் குறைச்சல் என்று இரண்டு தடவை சொன்னான்.

"உப்பு இருக்கட்டும். என் முட்டியப் பாத்தியாடா நீ?"

அவன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்தான். "பாத்தேன்" என்றான். எழுந்து, மழையில் நனைந்தபடி குழியைக் குழைக்கப் போய்விட்டான்.

பிரிட்டா ஈரத்துணியால் காது மடலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக ஒரே காதைத் துடைக்கிறாள் என்பது மார்லிஸுக்கு அப்போதுதான் பட்டது.

"அம்மா, மாமா சொல்ல மாட்டாரு. அந்தப் பணம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

மார்லிஸ் திரும்பினாள்.

"இப்ப கேக்காத. இப்ப சொன்னா என்னால ஆட முடியாது. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

வெளியே அறிவிப்பாளன் மூன்றாம் ஆட்டத்துக்கு மணி அடித்தான். பிரிட்டா துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மார்லிஸ் கட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குள் ஒரு கேள்வி இருந்த இடத்தில் இப்போது நாலைந்து முளைத்திருந்தன. மகளுக்கு எப்படித் தெரியும்? எப்போதிருந்து தெரியும்? நாலு வருஷமும் ஒரே மேஜையில் சாப்பிட்டாளே. அடுப்பில் இன்னொரு பாத்திரம் மூடிவைத்திருந்திருக்கிறது, அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பெஞ்சுகளில் கூட்டம் இல்லை. குடைக்குள் ஒரு குடும்பம், வெண்ணெய் சோளக்கதிர் கடித்தபடி நாலைந்து கல்லூரிப் பையன்கள், மழைக்கு ஒதுங்கிய ஒரு தம்பதி. காரணம் மார்லிஸுக்குத் தெரியும். மைதானத்தில் இன்றைக்கு இறுதி ஈட்டிச் சண்டை. குதிரைமேல் ஈட்டியோடு மோதுகிறவர்களைப் பார்க்கச் சந்தை முழுவதும் அங்கே திரண்டிருக்கும். அது முடிந்ததும் எக்காளம் ஊதுவார்கள். மொத்த ஜனமும் வெளிவாசலுக்கு இந்தச் சேற்று மேடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதை வைத்துத்தான் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தையே மார்லிஸ் அந்தக் காலத்தில் அமைத்தாள். ஒரு பிச்சைக்காரன் பசியில் செத்து விழுவான், குப்புற, முகம் சேற்றுக்குள். முழங்கையை மடக்கி மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் குழி வைத்துக்கொண்டு அதில் மூச்சு விடுவான். இன்னொரு பிச்சைக்காரி இரண்டு வாளியோடு ஜனத்திடம் வருவாள். இவனைப் புதைக்கக் காசு போடுகிறவர்கள் ஒரு வாளியில், எழுப்பக் காசு போடுகிறவர்கள் இன்னொரு வாளியில். வாதாடுவாள், ஏலம் கேட்பாள், பிணத்தைக் காலால் தட்டுவாள். எக்காளம் ஊதி மைதானத்துக் கூட்டம் வந்து குவிகிறவரை பிணம் எழக் கூடாது. கூட்டம் வந்து, வாளிகள் நிறைந்த பிறகுதான் நிர்வாகி இரண்டு அடி அடிப்பாள்.

டுவேன் செத்து விழுந்தான். குளிர்ந்த சேறு அவனைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

"பிரபுக்களே, சீமாட்டிகளே" என்று ஆரம்பித்தாள் பிரிட்டா. "நேத்துவரைக்கும் இது எங்க மாமா. இன்னைக்கு இது ஒரு செலவு. உங்க கருணைய எந்த வாளியில போடப்போறீங்க?"

சோளக்கதிர்ப் பையன்கள் புதைக்கும் வாளியில் போட்டார்கள். குடைக் குடும்பத்தின் சின்னப் பெண் எழுப்பும் வாளியில் ஒரு டாலரை மடித்து வைத்தது. சில்லறை வாளியில் விழும் ஓசை மழையில் அடங்கிப்போனது. பின்னால் எல்ராயும் மற்றவர்களும் நின்றார்கள்.

எக்காளம் ஊதவில்லை.

மைதானம் ஈரமாகியிருக்கும், குதிரை வழுக்கும், மெதுவாக நடத்துகிறார்கள் போலும். பிரிட்டா ஏலத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பையன்கள் சிரித்தார்கள், பிறகு ஒருவன் கொட்டாவி விட்டான்.

மார்லிஸ் டுவேனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை அவன் முதுகில் விழுந்து சேற்றைக் கரைத்தது. தோள்பட்டை முதலில் நடுங்கியது. அதை அவன் அடக்கினான். பிறகு நடுக்கம் இடுப்புக்கு வந்தது. காத்திருந்தால் ஜனம் வரும். ஆயிரக்கணக்கில் வரும். பருவத்தின் கடைசி நாள், கைநீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடன் அடையும், பேர் மீளும். காத்திருந்தால் போதும். கொட்டாப்புளி தன் கையில் இருக்கிறது. நாலு குளிர்காலமாக இப்படி ஒரு நாளைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள், அவன் கிடக்க, அவள் நிற்க.

நடுக்கம் நின்றுவிட்டது.

சேற்றில் கிடக்கிறவன் நடுங்குகிறவரை பயமில்லை. நடுக்கம் நின்றால்தான் பயம். அவள் அதை நினைத்து முடிப்பதற்குள் கை தானாக ஓங்கிக் கட்டையை அடித்துவிட்டது. இரண்டு அடி.

பிரிட்டா திடுக்கிட்டுத் திரும்பினாள். எக்காளம் இல்லாமல் அம்மா கட்டையடித்து அவள் பார்த்ததேயில்லை. எல்ராய் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

டுவேன் எழவில்லை.

மார்லிஸ் மறுபடி இரண்டு அடி அடித்தாள், தோள் கழன்றுவிடும்போல. சேற்றின் மேல்தோல் சுருங்கி விரிந்தது. அடி அவன் வயிற்றுக்குப் போயிருக்கும், போகாமலிருக்க வழியில்லை. அவன் அசையவில்லை.

கொட்டாப்புளியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். சரியாகாத முட்டி மடங்கியது. மீதி தூரத்தைத் தவழ்ந்து போனாள். ஜனம் இதையும் ஆட்டம் என்று எண்ணிச் சிரிக்கத் தொடங்கியது. கோணிப் பாவாடைக் கிழவி பிணத்தைத் தேடித் தவழ்கிறாள், அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அவள் சட்டைக் காலரைப் பற்றி அவன் முகத்தைச் சேற்றிலிருந்து இழுத்தாள்.

கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

"அடிச்சது தெரியலையாடா?"

பல் அடித்துக்கொண்டதில் அவனால் உடனே பேச முடியவில்லை. "தெரிஞ்சுது" என்றான். "குதிரை இன்னும் ஓடுதுக்கா. நெஞ்சுல கேக்குது. கூட்டம் வரல."

"அதுக்கு?"

"வரட்டும். அப்புறம் எந்திரிக்கிறேன்."

மறுபடியும் முகத்தைச் சேற்றில் வைக்கப் போனான். மார்லிஸ் காலரை விடவில்லை. இத்தனை வருஷம் அவள் கட்டையடித்து ஒரு ஆட்டக்காரன் எழாமல் கிடந்தது இதுதான் முதல் தடவை. அடி கேட்டும் கேளாதவன்போலக் கிடந்திருக்கிறான், கணக்கு நேராகட்டும் என்று. அவன் அந்தப் பணத்தைத் தனக்காக எடுத்திருக்க மாட்டான் என்று அந்த இடத்தில் அவளுக்குத் தோன்றியது. யாருக்காக என்பது தோன்றவில்லை. தலைக்கு மேலே இரண்டு வாளியோடு பிரிட்டா நின்றுகொண்டிருந்தாள். மழையா கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

"எந்திரிடா" என்றாள் மார்லிஸ். "போதும்."

"பாதிதானக்கா ஆச்சு."

"எந்திரின்னு சொன்னேன்."

"ஏன் எடுத்தேன்னு இன்னும் சொல்லலியே நான்."

"கேக்கத்தான் போறேன். உன்னக் காயவச்சு, சூடா ஏதாவது ஊத்திட்டு, அப்புறம் உக்காரவச்சுக் கேப்பேன். இவளையும் கேப்பேன். கேள்வி வேற, கணக்கு வேற."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழ முயன்றார்கள். அவளுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அவனுக்குக் கால் மரத்திருந்தது. பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். பெஞ்சுகளில் சிரிப்பு வெடித்தது. கடைசியில் பிரிட்டா வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு கை கொடுத்தாள். பிணம் எழுந்ததைக் கண்டு குடைக்குள்ளிருந்த சின்னப் பெண் கைதட்டியது.

எல்ராய் குழியோரம் வந்து நின்றார். குனிந்து இரண்டு வாளிக்குள்ளும் பார்த்தார். அடிப்பாகம்கூட மறையாத அளவுக்குச் சில்லறையும் நாலைந்து நோட்டும் கிடந்தன. அவர் பின்னால் கத்தி விழுங்குகிறவரும் பொம்மலாட்டக்காரியும் வந்து சேர்ந்தார்கள். முகாம் முழுக்கச் சேதி போக வேண்டியது அவர்கள் வாய் வழியாகத்தான்.

மார்லிஸ் குனிந்து எழுப்பும் வாளியை எடுத்துப் புதைக்கும் வாளிக்குள் கவிழ்த்தாள். பிறகு அந்த ஒற்றை வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்றாள். "மூணு ஆட்டமும் சேத்து, சரியா இருக்கு."

எல்ராய் அவளையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணினியா மார்லிஸ்?"

"எண்ணினேன்."

"எப்ப எண்ணின?"

"நீ வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தப்ப."

கிழவர் தாடியைத் தடவினார். மழை அதிலிருந்து சொட்டியது. இன்னொரு தரம் வாளிக்குள் எட்டிப் பார்க்க விரும்பியவர்போல ஒரு அடி முன்னால் வைத்தார். மார்லிஸ் வாளியை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவர் நின்றுவிட்டார்.

"எண்ணினவ சொன்னா சரிதான்" என்று பின்னால் திரும்பி மற்றவர்களிடம் சொன்னார். பிறகு டுவேனைப் பார்த்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேரைச் சொல்லி, "டுவேன், போய் உடம்பத் துடைச்சுக்க" என்றார்.